மிதவை முத்தா, குளத்து முத்தா?

திருநெல்வேலிச் சீமையில் முத்து வளர்ப்பில் இறங்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு: கடலில் மிதவை கட்டி முத்துச்சிப்பி வளர்ப்பது ஒன்று, குளத்திலோ பண்ணைக்குட்டையிலோ நன்னீர் மட்டி வளர்ப்பது மற்றொன்று. இரண்டுமே கடலையும் கடலோர மக்களையும் காக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படிச் சொல்லத் தகுதி முதலாவதற்கு மட்டுமே, அதுவும் சில நிபந்தனைகளோடுதான், உண்டு.

கொற்கைக் காலம் முதல் பேசப்படும் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தோடு, அதாவது குளிப்புப் பருவத்தோடு, நின்றுபோனது. பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி அருகியபின் குளியாளிகள் சங்கு எடுக்கப் போனார்கள். 1973-இல் தூத்துக்குடி அன்றைய நெல்லை மாவட்டத்தில் இருந்தபோது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். 1981-இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சு உற்பத்தியும் கைகூடியது. இந்த இரண்டாவது வெற்றியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்தால், பாரில் எஞ்சியிருக்கும் தாய்ச்சிப்பிகளை அள்ள வேண்டியதில்லை. மேலும் மிதவையில் வளரும் சிப்பி கடலிலேயே இனம் பெருக்குவதால், வாரக்கணக்கில் நீரில் மிதக்கும் அதன் இளம் உயிரிகளில் சில பாரைச் சென்றடையவும் வாய்ப்புண்டு.

சிப்பிக்குத் தீவனம் போட வேண்டியதில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசியை அது வடிகட்டித் தின்கிறது. ஆகவே கழிவுநீர் கலந்தால் முதலில் நட்டப்படுபவர் மிதவைக்காரர்தான். கடல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்கக் கூடியவரும் அவரே. ஆனால் மிதவைகளை நெருக்கினால் இதே தொழில் நீரைக் கெடுக்கும். ஜப்பானின் ஆகோ விரிகுடாவில் சிப்பிக் கழிவு அடியில் படிந்து தொல்லை தந்தது.

குளத்து மட்டிக்கு முதலீடு குறைவு, அலைக்கும் அஞ்ச வேண்டாம். ஆயினும் மட்டியைப் பெரும்பாலும் ஆற்றிலும் குளத்திலும் பொறுக்கித்தான் கொண்டுவருகிறார்கள். அதன் இளம் உயிரி மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்ந்தாக வேண்டியதால், அள்ளிய இடத்தில் இனம் மீள்வது எளிதன்று. கோடையில் வற்றும் குளங்களை நம்புவதும் சிரமம். சீனத்து நன்னீர் முத்து மலிவாகக் குவிந்து விலையையும் அடிக்கிறது. உழவருக்கு உபவருமானம் என்ற அளவில் குறை சொல்ல மாட்டேன்; கடல் பாதுகாப்பு என்ற பெயர் மட்டும் வேண்டாம்.

அடுத்தது, மிதவை யார் கையில் இருப்பது என்பது. கரு எனப்படும் சிறு மணியும் மற்றொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கும் உள்ளே வைத்துத் திரும்பக் கடலில் விட்ட சிப்பி முத்துத் தரப் பல மாதங்கள் ஆகும். அன்றாடப் பங்கில் குடும்பம் நடத்தும் மீனவர் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. நிறுவனத்திடம் காத்திருக்கப் பணமுண்டு. ஆனால் சிப்பியில் ஒட்டும் கொட்டலசு என்ற ஓட்டுயிரியைச் சுரண்டிக் கூண்டைக் கழுவும் கூலிவேலை மட்டும் ஊருக்கு மிஞ்சினால், இரவில் மிதவையைக் காக்க யாருக்கும் அக்கறை இராது. பொரிப்பகமும் அறுவைப் பயிற்சியும் நிறுவனம் ஏற்க, மிதவையும் விற்பனைப் பங்கும் ஊர்க்கமிட்டி மேற்பார்வையில் மீனவர் சங்கத்திடம் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உவரி முதல் இடிந்தகரை வரையிலான திறந்த கரைக்கு இதையும் அப்படியே பரிந்துரைக்க இயலாது. ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றில் அங்கே மிதவை நிற்பது கடினம். அலைதடுப்புச் சுவருக்குள் ஒதுங்கிய இடம் கிடைத்தால் சிறிதாகத் தொடங்கிப் பார்க்கலாம்.