பழைய போர்ப் படங்களில் ஆளையும் விமானத்தையும் அடையாளம் காணுதல்: எந்தக் கருவி எதுவரை உதவும்?

பத்து மடங்கு உருப்பெருக்கி, தட்டை ஸ்கேனர், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், படத்தைக் கொடுத்துத் தேடும் இணைய வசதி, முக ஒப்பீட்டு மென்பொருள், படத்தைத் தெளிவாக்கும் ஏஐ செயலி. பல ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்ததில், முதல் மூன்றும் மேசையை விட்டு நகரவே இல்லை. நான்காவது பாதிக் கிணறு தாண்டும். கடைசி இரண்டையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும்.

ஸ்கேனரில் தொடங்கலாம். சாதாரண பிரிண்டுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். நெகட்டிவைக் காகிதத்தின் மேல் வைத்தே எடுத்த, தீப்பெட்டி அளவு காண்டாக்ட் பிரிண்ட் என்றால் 1200. அதற்கு மேல் போனால் காகிதத்தின் நாரும் கீறலும்தான் பெரிதாகும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400 முதல் 3200 வரை வைக்கலாம். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை சிவப்புச் சானலில் மங்கிவிடும். வெளிறிப்போன உருவம் நீலச் சானலில் எழுந்து வரும். கிரே ஸ்கேலில் எடுத்துவிட்டால் இந்த இரண்டு வழியும் அடைபட்டுவிடும். தானியங்கித் தூசி நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு ஒளியால் தூசி கண்டுபிடிக்கும் முறை வெள்ளிப் படலம் உள்ள கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வேலை செய்யாது, படலத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். பிரிண்டின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். அழிந்த பென்சில் எழுத்து இருந்தால், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து ஒரு தனிப் படம் எடுக்கவும்.

ஒரு வரிசை எண்ணைப் படிக்க முடியுமா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். பிரிட்டிஷ் வான்படை விமானத்தின் உடலில் எழுதிய வரிசை எண்ணின் வழக்கமான உயரம் 8 அங்குலம். ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் நீளம் சுமார் 9.1 மீட்டர். பிரிண்டில் அந்த விமானம் பக்கவாட்டில் 5 அங்குலம் இருந்தால், 600 டிபிஐ ஸ்கேனில் எழுத்தின் உயரம் சுமார் 67 பிக்சல் வரும், தாராளமாகப் படிக்கலாம். விமானமே 1 அங்குலம்தான் என்றால் எழுத்துக்கு 13 பிக்சல். 3, 6, 8 மூன்றும் அங்கே அண்ணன் தம்பிகள். இந்த இடத்தில்தான் தெளிவாக்கும் செயலியின் மீது ஆசை வரும். அது 13 பிக்சலில் இருந்து அழகான, கூர்மையான ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கும். ஆனால் அது படத்தில் இருந்த எண் அல்ல, செயலி ஊகித்த எண். ரிவெட் வரிசை, சட்டைப் பொத்தான், தொப்பிச் சின்னம் எல்லாவற்றிலும் இதே கதைதான். மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் மட்டும் கையால் திருத்துவது நல்லது.

புற ஊதா டார்ச் சின்னக் கருவி, பெரிய உழைப்பாளி. 1950களில் இருந்து போட்டோ காகிதங்களில் ஒளியூட்டும் பொருள் சேர்க்கப்பட்டது. இருட்டறையில் டார்ச் அடித்தால் அந்தக் காகிதம் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் 1940-இல் அச்சிட்ட பிரிண்ட் அல்ல என்று சொல்லிவிடலாம். நெகட்டிவ் பழையதாக இருக்கலாம், பிரிண்ட் மறுபதிப்பு. ஒளிராவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. அந்தப் பொருள் சேராத காகிதம் பின்னாளிலும் இருந்தது.

அடுத்து, நிறத்தைப் படிப்பதில் பலரும் வழுக்கி விழும் இடம். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகும், நீலம் வெளிறும், மஞ்சளும் கருமையாக விழும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பு, வெளியே நீலம். பிரெஞ்சுச் சின்னம் நேர்மாறு. எனவே ஆர்த்தோ படத்தில் நடு கறுத்து வெளி வெளிறினால் பிரிட்டன், நடு வெளிறி வெளி கறுத்தால் பிரான்ஸ். பிலிம் எது என்று தெரியாமல் இந்த முடிவுக்கு வரக்கூடாது. இரண்டாம் போர்க் காலப் படங்களில் பிரிட்டிஷ் சின்னத்தின் மஞ்சள் வெளிவட்டம் கறுப்பாகி உருமறைப்பு வண்ணத்தோடு கலந்து, வட்டமே இல்லை என்று ஏமாற்றும். வண்ணமூட்டும் செயலிகள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. கறுப்பைக் கறுப்பாகவே பூசிவிடும்.

தேதியை இறுக்கிப் பிடிக்கச் சின்னங்களைப் போல வேறொன்றும் இல்லை. அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவே சிவப்புப் புள்ளி இருந்தால் அந்தப் பூச்சு 1942 மே மாதத்துக்கு முந்தைய விதிப்படி. இருபுறமும் பட்டைகள் வந்தது 1943 நடுவில், முதலில் சிவப்பு விளிம்போடு. சில வாரங்களில் அது நீல விளிம்பானது. பட்டைக்குள் சிவப்புக் கோடு தெரிந்தால் 1947-க்குப் பிறகு. பிரிட்டிஷ் வால் துடுப்பின் மூவண்ணப் பட்டை எல்லா விமானங்களுக்கும் விதியானது 1940 மே மாதத்தில். தென்கிழக்காசியப் போர்முனையில் ஜப்பானியச் சின்னத்தோடு குழப்பம் வராமல் பிரிட்டிஷ் சின்னத்தில் இருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கறுப்பு வெள்ளை வரிகள், மூன்று வெள்ளை இரண்டு கறுப்பு, நேச நாட்டு விமானத்தின் இறக்கையிலும் உடலிலும் இருந்தால் படம் 1944 ஜூன் அல்லது அதற்குப் பிறகு. விதி வந்த நாளிலேயே எல்லா விமானத்துக்கும் வண்ணம் அடித்துவிடவில்லை என்பதையும் கணக்கில் எடுத்து, இரண்டு மூன்று மாதம் தளர்வு விட வேண்டும்.

மாடலைப் பிரிக்கும்போது ஒரே அடையாளத்தை நம்பி முடிவு செய்வது ஆபத்து. ஸ்பிட்ஃபயர் மார்க் 5 வரை இடது இறக்கையின் அடியில் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான், வலதில் பெரிய செவ்வக ரேடியேட்டர். மார்க் 9-இல் இரண்டும் ஒரே அகலம், நான்கு அலகு (பிளேடு) புரொப்பல்லர். மார்க் 14-க்கு ஐந்து அலகு. மார்க் 8-இன் வால் சக்கரம் உள்ளே மடங்கும், 9-இல் மடங்காது. மார்க் 16-ஐ 9-இல் இருந்து தோற்றத்தால் பிரிக்கவே முடியாது. வரிசை எண் இல்லாவிட்டால் இரண்டையும் எழுதி விட்டுவிட வேண்டியதுதான். ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் ஈ வகைக்கு இறக்கை நுனி சதுரம், வால் இறக்கைக்குத் தாங்கு தண்டு உண்டு. எஃப் வகையில் நுனி உருண்டை, தண்டு கிடையாது.

இடம் வலம் மாறிய நெகட்டிவ்தான் அதிகம் ஏமாற்றுவது. அந்த எண்ணெய்க் குளிர்விப்பான் வலப்பக்கம் தெரிந்தாலே சந்தேகப்படலாம். ஸ்பிட்ஃபயரின் விமானிக் கதவு இடப்பக்கம். விமானிச் சிறகுச் சின்னமும் பதக்க ரிப்பனும் அணிந்தவரின் இடது மார்பில். ஆண்கள் சட்டைப் பொத்தான் அவரின் வலப்பக்கம். இதில் இரண்டு தவறினால் படத்தைத் திருப்பிவிடுங்கள்.

ஆட்களை அறியும்போது முகத்தைக் கடைசியில் பாருங்கள், சட்டையை முதலில். பிரிட்டிஷ் வான்படைச் சிறகுச் சின்னத்தில் ஏஜி என்ற எழுத்து 1939 டிசம்பரில் அறிமுகமான துப்பாக்கி வீரர் சின்னம். வழிகாட்டியின் (நேவிகேட்டர்) என் என்ற எழுத்து 1942-இல் வந்தது. பழைய ஓ (அப்சர்வர்) சின்னத்தைப் பெற்றவர்கள் அதையே தொடர்ந்து அணிந்தார்கள், ஆகவே ஓ இருப்பதால் படம் முந்தையது என்று சொல்ல முடியாது. பறப்பு வீரத்துக்கான பிரிட்டிஷ் டிஎஃப்சி பதக்க ரிப்பனின் ஊதா வெள்ளைக் கோடுகள் 1919 ஜூலை வரை கிடைமட்டம், பிறகு சாய்வு. 1939-45 நட்சத்திரம் என்ற பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் ரிப்பனைக் கண்டால் 1943 ஜூலைக்கு முன் போகவே முடியாது. பிரிட்டிஷ் தொப்பிச் சின்னத்தில் கிரீடத்தின் மேல்வளைவு குவிந்திருந்தால் 1901 முதல் 1953 வரை; நடுவில் குழிந்திருந்தால் அதற்குப் பிறகு. சார்லஸ் மன்னர் மறுபடி பழைய வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார், புதிய சீருடைப் படங்களில் அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முக ஒப்பீட்டு மென்பொருள் பெயர் தராது, ஆட்களின் வரிசையைத் தரும். நிழல் விழுந்த தொப்பி, பக்கவாட்டு முகம், உடன்பிறந்தவர் ஆகிய மூன்றும் அதைச் சறுக்க வைக்கும். அது காட்டும் ஆளின் காது மடலை, இரண்டு படத்திலும் ஒரே கோணம் கிடைத்தால், கண்ணால் ஒப்பிடுங்கள். படத்தேடல் சொல்லும் விளக்கக் குறிப்பையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஒரு தவறான குறிப்பை நூறு பக்கங்கள் நகல் எடுத்திருந்தால் அது நூறு சாட்சி ஆகாது. பழைய பிரதி எங்கே என்று தேதி பார்த்து, ஆவணக் காப்பகத்தின் மூலப் பதிவு வரை போக வேண்டும்.

விமான எண் கிடைத்துவிட்டால் பாதை எளிது. அமெரிக்க விமான வாலில் வரிசை எண்ணின் தொடக்கத்தில் உள்ள ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். 41-24485 என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் வாலில் 124485 என்றிருக்கும். பிரிட்டிஷ் படைப்பிரிவுக் குறி எழுத்துகள் 1939 செப்டம்பரில் மாறின, 19-ஆம் பிரிவு டபிள்யூஇசட்டில் இருந்து கியூவிக்குப் போனது. பிரிவுக் குறிக்கு அடுத்த தனி எழுத்து, ஒரு விமானம் விழுந்ததும் அடுத்ததற்குக் கைமாறும். அதனால் எழுத்து மட்டும் தெரிந்தால் போதாது. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏர் 27 தொகுப்பில் படைப்பிரிவு நாட்குறிப்புகள் உள்ளன. அவற்றின் படிவம் 541-இல் அந்தந்தப் பறப்பின் விமானமும் குழுவினரும் இருப்பார்கள். தணிக்கையாளர்கள் நெகட்டிவில் சுரண்டிய இடங்களையும் உருப்பெருக்கியில் பாருங்கள். ராடார் ஆன்டெனாவும் பிரிவுக் குறியும்தான் பெரும்பாலும் அங்கே இருந்திருக்கும்.

பதிவு எழுதும்போது படத்தில் கண்டதை ஒரு வரியிலும், ஆவணத்தில் இருந்து சேர்த்ததை அடுத்த வரியிலும் பிரித்து எழுதுங்கள். முதல் வரி இப்படி இருக்கலாம்: "ஸ்பிட்ஃபயர் மார்க் 9 அல்லது 16, வரிசை எண்ணின் கடைசி இலக்கம் 3 அல்லது 8, ரிப்பன்படி 1943 ஜூலைக்குப் பின், நெகட்டிவ் திருப்பப்பட்டது."