முள் 84இல் நிற்கட்டும்: மோரிஸ் மைனரோடு பதினொரு வருடம்

தம்பி முறையான ஒருவர் சென்ற மாதம் பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்று வாங்கினார். நேற்று அழைத்து, "அண்ணை, வெப்பமானி முள் 85ஐத் தொடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். கழற்றட்டுமா?" என்று கேட்டார். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் சிறு வால்வு. தொலைபேசியில் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது 1098 சிசி மைனர். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் வெப்பமானி கிடையாது. என்னுடையதில் நான்தான் பிறகு பூட்டினேன். முதல் இரண்டு வருடம் முள் 60ஐத் தாண்டுவதே அரிது. ஏ9 வீதியில், ஆனையிறவுக் காற்றில், 55க்கும் இறங்கும். பார்த்தவர்கள் எல்லாரும் "குளிர்ந்த என்ஜின், நல்ல என்ஜின்" என்றார்கள். நானும் நம்பினேன். ஆனால் காலையில், குளிர்ந்த என்ஜினுக்குப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்தபடி இரண்டு மைல் போகவேண்டும். பிளக்குகள் கரி பிடிக்கும். பெற்றோல் கணக்கில்லாமல் போகும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போலப் பசை ஒட்டியிருக்கும். என்ஜின் போதிய அளவு சூடேறாவிட்டால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகி வெளியேறாது. எண்ணெயோடு குழைந்து அப்படித் தங்கிவிடும்.

ஒருநாள் தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்தேன். வெறும் ஓட்டை. எனக்கு முன்னரே ஏதோ ஒரு கராஜில் எடுத்து எறிந்துவிட்டிருக்கிறார்கள். "எங்கள் வெயிலுக்கு இது எதற்கு?" என்ற அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. வெயில் 35 பாகைதானே? என்ஜினுக்கு வேண்டியது 80க்கு மேல். 82 பாகைத் தெர்மோஸ்டாட் அதுவரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைத்திருக்கிறது, பிறகு திறந்துவிடுகிறது. முழுதாகத் திறந்த பின்னும் முள் ஏறினால் குற்றம் வேறு இடத்தில்.

யாழ்ப்பாணத்தில் அந்த வேறு இடம் பெரும்பாலும் கிணறு. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள். அதே வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. என் என்ஜினின் வடிகுழாயைத் திறந்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகுதான் துருவும் சேறும் கொட்டின. நாலாவது சிலிண்டரைச் சுற்றி அவ்வளவு அடைந்திருந்தது. இப்போது பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரும் கூலன்டும் மட்டும்தான்.

புதுத் தெர்மோஸ்டாட் போட்ட நாளிலிருந்து முள் 84இல் நிற்கிறது. சந்தையடி நெரிசலில் 92. மாத்தளைக்கு அப்பால் ஏற்றத்தில் 95. வண்டியை நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஏறும். தண்ணீர் பம்ப் நின்றுவிட்டது, இரும்பின் சூடு தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டரின் 7 இறாத்தல் அழுத்த மூடி நல்லதாக இருந்தால் வெறும் தண்ணீரே 110 பாகையளவில்தான் கொதிக்கும். ஒரு இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் முள்ளுக்குத்தான் பயப்படவேண்டும்.

இவ்வளவு நல்ல வண்டியை வாங்கச் சொல்வேனா? இன்று சொல்லமாட்டேன். என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் வாட்டர் பம்ப்புக்கும் நடுவில் விரல் நீளத்தில் பைபாஸ் ஹோஸ் என்ற ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. சென்ற வாரம் அது வெடித்தது. அதை மாற்ற ரேடியேட்டரையும் பம்ப்பையும் கழற்றி ஒரு பகல் முழுதும் போயிற்று. விரல் மூட்டில் தோல் இல்லை. இன்னொருவரை இந்த வேலைக்குள் இழுக்க இப்போது மனம் வரவில்லை.

தம்பி ஏற்கனவே வாங்கிவிட்டார். ஆகவே அவருக்கு: தெர்மோஸ்டாட்டை எறிய வேண்டாம். நூலில் கட்டி, அடியில் முட்டாதபடி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்துச் சூடாக்குங்கள். 82ஐ ஒட்டித் திறந்தால் அதையே திரும்பப் பூட்டுங்கள். பிறகு வடிகுழாயைத் திறந்து, எனக்கு அழையுங்கள்.