பட்டம் வாங்கிய பிறகு டாக்டர் ஆசை: போஸ்ட்பாக்கா, மாநிலப் பல்கலையா, கம்யூனிட்டி காலேஜா?

அமெரிக்காவில் டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமான எம்.டி. படிக்க, நீங்கள் முன்பு எதில் பட்டம் வாங்கினீர்கள் என்பது தடையே இல்லை. பொருளாதாரம், வரலாறு, கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுவானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல் ஆகிய நான்கையும் லேபுடன் தலா ஓராண்டு படித்திருக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் எதிர்பார்க்கின்றன. அதற்கு மேல் பயோகெமிஸ்ட்ரி. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் உளவியலும் சமூகவியலும் வருவதால் அவற்றையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். இருபத்து நான்கு வயதில், வேலையில் இருந்துகொண்டு, இதையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது? நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இப்போது கேட்கும் கேள்வி இது.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அறிவியல் பாடங்களைத் தொடவே தொடாதவர் ஒரு வகை. தொட்டு, மதிப்பெண் சரிந்தவர் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் மருந்து வேறு. இதைக் குழப்பிக்கொண்டு தவறான படிப்பில் சேர்ந்து பணத்தையும் வருடத்தையும் கரைப்பவர்கள்தான் அதிகம்.

ஓராண்டு போஸ்ட்பாக்

முதல் வகையினருக்கென்றே உருவானவை பிரின் மார், கௌச்சர், ஸ்க்ரிப்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற இடங்களின் போஸ்ட்பாக் படிப்புகள், அதாவது பட்டம் வாங்கிய பிறகு மெடிக்கல் ஸ்கூலுக்கான முன்பாடங்களை மட்டும் படிக்கும் திட்டங்கள். பிரின் மார் பெண்கள் கல்லூரிதான், ஆனால் அதன் போஸ்ட்பாக்கில் ஆண்களும் சேரலாம். பிரின் மாரிலும் கௌச்சரிலும் கோடையிலேயே பொது வேதியியலை முடித்துவிட்டு, அடுத்த இரண்டு செமஸ்டரில் ஆர்கானிக், இயற்பியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து இழுக்க வைப்பார்கள். அந்த ஓராண்டில் வேலைக்குப் போவது நடக்காத காரியம்.

காசுக்கு என்ன கிடைக்கிறது? சிறு வகுப்பு, உங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆலோசகர், மெடிக்கல் ஸ்கூலுக்குக் கல்லூரியே பரிந்துரையாக எழுதித் தரும் கமிட்டி கடிதம். இவற்றைவிடப் பெரியது 'லிங்கேஜ்'. குறிப்பிட்ட சில மெடிக்கல் ஸ்கூல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அது. போஸ்ட்பாக் படிக்கும்போதே விண்ணப்பித்து, நிபந்தனையோடு இடம் வாங்கிவிடலாம். பதிலுக்கு, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த இடங்கள் முன்னாள் ஜிபிஏ (4.0க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) நன்றாக இருப்பவர்களைத்தான் எடுக்கின்றன. தேவையான பாடங்களில் பாதியை ஏற்கெனவே படித்து முடித்தவர்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் சொந்தமாக

வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நான்காண்டுப் பல்கலையில், பட்டம் நோக்கமில்லாத மாணவராகவோ இரண்டாவது இளங்கலைக்கோ சேர்ந்து, பாடம் பாடமாக எடுப்பது அடுத்த வழி. மாநிலவாசிக் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ குறைவு. "ஆனால் ரொம்ப வருஷம் ஆகுமே" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2027 ஜூனில் ஓராண்டு போஸ்ட்பாக்கில் சேர்பவர் 2028 மே மாதம் முடிப்பார். ஜூனில், எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஏஎம்கேஸ் வழியாக விண்ணப்பிப்பார். நேர்காணல்கள் முடிந்து மெடிக்கல் ஸ்கூலில் காலடி வைப்பது 2029 ஆகஸ்டில். இடையில் ஒரு முழு ஆண்டு சும்மா கிடக்கும். அதைத்தான் 'கிளைட் இயர்' என்கிறார்கள். மாநிலப் பல்கலையில் 2027 ஆகஸ்டில் தொடங்குபவர் முதலாண்டில் பொது வேதியியலும் உயிரியலும், இரண்டாமாண்டில் ஆர்கானிக்கும் இயற்பியலும் முடித்து, 2029 ஜூனில் விண்ணப்பித்து, 2030 ஆகஸ்டில் சேர்கிறார். வித்தியாசம் ஒரே ஒரு வருடம். லிங்கேஜ் கிடைத்தால் மட்டுமே போஸ்ட்பாக்காரர் 2028லேயே உள்ளே போவார். அப்போதுதான் இடைவெளி இரண்டு வருடமாகிறது. ஆகவே லிங்கேஜ் இல்லாத போஸ்ட்பாக்கில் நீங்கள் விலை கொடுத்து வாங்குவது ஒரு வருடத்தையும் நல்ல ஆலோசனையையும்தான். அந்த விலை உங்களுக்குக் கட்டுமா என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

இந்த வழியின் நிஜமான தொல்லை வேறு. பட்டம் நோக்கமில்லாத மாணவருக்குப் பதிவு செய்யும் முறை கடைசியில்தான் வரும். லெக்சரில் இடம் இருக்கும், லேப் பிரிவுகள் நிரம்பியிருக்கும். பொது வேதியியல் முதல் பாகம் தவறினால் இரண்டாம் பாகம் தவறும். அது இல்லாமல் ஆர்கானிக்கில் விடமாட்டார்கள். ஆர்கானிக் இல்லாமல் பயோகெமிஸ்ட்ரி இல்லை. ஒரே ஒரு லேப் இடம் கிடைக்காமல் ஒரு வருடம் நழுவிவிடும். வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு, முதல் நாளே லேபில் போய் நில்லுங்கள். வராதவர்களின் இடம் அங்கே நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இரண்டாவது இளங்கலையாகச் சேர்ந்தால் பதிவு முன்னதாக வரும் என்பதற்காகவே சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதமும் உங்கள் பொறுப்பே. முந்நூறு பேர் வகுப்பில் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியாது. ஆபீஸ் அவரில் வாரம் தவறாமல் போய்க் கேள்வி கேட்பவருக்குத்தான் உருப்படியான கடிதம் வரும்.

கம்யூனிட்டி காலேஜ்

இது இரண்டாண்டுக் கல்லூரி. விலையில் இதை யாரும் அடிக்க முடியாது. கலிபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். ஐந்து யூனிட் வேதியியல், லேபோடு 230 டாலர். வகுப்பு சிறியது, மாலை நேர வகுப்பும் உண்டு. மறுபக்கம், சில மெடிக்கல் ஸ்கூல்கள் முக்கியப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படிப்பதையே விரும்புவதாக வெளிப்படையாகச் சொல்கின்றன. பொது வேதியியலையும் இயற்பியலையும் இங்கே முடித்து, ஆர்கானிக்கையும் பயோகெமிஸ்ட்ரியையும் பல்கலையில் எடுப்பது நல்ல நடுவழி. வேலையை விட முடியாத குடும்பச் சூழல் உள்ளவர்கள் இதை நினைத்துத் தாழ்வாக உணர வேண்டியதே இல்லை.

மதிப்பெண் சரிந்தவர்களுக்கு

இவர்களைக் குறிவைத்து வருபவை ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்ற முதுகலைப் படிப்புகள். ஜார்ஜ்டவுன் பல்கலையுடையது பழையதும் பெயர் பெற்றதும். மெடிக்கல் மாணவர்கள் படிக்கும் பாடங்களையே எடுத்து, 'என்னால் தாங்க முடியும்' என்று காட்ட வேண்டும்.

ஆனால் ஏஎம்கேஸ் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 120 கிரெடிட்டில் 3.0 வாங்கியவர், போஸ்ட்பாக்காக 36 கிரெடிட் இளங்கலைப் பாடங்களில் முழு 4.0 வாங்கினால் மொத்த ஜிபிஏ 3.23 ஆகிறது. பெரிய ஏற்றமில்லை. அறிவியல் ஜிபிஏவைப் பாருங்கள்: முன்பு 20 கிரெடிட்டில் 2.7 இருந்திருந்தால், அது 3.54 ஆகிவிடும். மெடிக்கல் ஸ்கூல்கள் கூர்ந்து பார்ப்பது இந்த எண்ணைத்தான். முதுகலைப் பாடங்களோ தனி வரியில் நிற்கும், அங்கே 4.0 வாங்கினாலும் இளங்கலை எண் ஒரு புள்ளிகூட அசையாது. எம்.டி. போலவே டாக்டராக்கும் டி.ஓ. பட்டக் கல்லூரிகளுக்கான விண்ணப்பத் தளமான ஏஏகோமாஸும் மறுபடி படித்தால் பழைய மதிப்பெண்ணை நீக்கும் வசதியை 2017ல் எடுத்துவிட்டது.

அதனால் என் கருத்து உறுதியானது: முதலில் இளங்கலைப் பாடங்களில் ஏ வாங்கிக் காட்டுங்கள், எம்கேட்டை நன்றாக எழுதுங்கள். அதற்கும் பிறகு இடம் கிடைக்காவிட்டால் ஸ்பெஷல் மாஸ்டர்ஸைப் பற்றி யோசிக்கலாம். அதில் பி வாங்கினால் மீள்வது மிகவும் கடினம்.

கடனும் விசாவும்

மெடிக்கல் ஸ்கூலுக்குத் தேவையான முன்பாடங்களுக்கு மத்திய அரசுக் கடன் தொடர்ச்சியாக 12 மாதங்களுக்குத்தான் கிடைக்கும். இரண்டு வருடத் திட்டம் போடுபவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, முதுகலை மற்றும் தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. சாதாரண முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்பது உச்சவரம்பு. போஸ்ட்பாக்கிலேயே கையிருப்பைக் கரைத்தவர் மெடிக்கல் ஸ்கூலில் திணறுவார். மாநிலப் பல்கலை பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் பி.இ. முடித்து இங்கே வந்தவர்களுக்கு ஓராண்டு போஸ்ட்பாக் பெரும்பாலும் போதாது. ஏஎம்கேஸ் வெளிநாட்டு மதிப்பெண்ணைச் சரிபார்த்து ஜிபிஏவாக மாற்றுவதில்லை, பல கல்லூரிகள் அமெரிக்க அல்லது கனடியப் பட்டமே கேட்கின்றன. அவர்களுக்கு இரண்டாவது இளங்கலைதான் நேர்வழி. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் வளர்ந்து 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறிய பிள்ளைகளுக்கோ, வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மெடிக்கல் ஸ்கூல்களே குறைவு. எடுப்பவற்றிலும் சில, பல ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் காட்டச் சொல்கின்றன. மத்திய அரசுக் கடனும் கிடையாது. இவர்கள் முதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே, மெடிக்கல் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும், கல்லூரி விவரங்கள் அடங்கிய எம்எஸ்ஏஆர் தளத்தில் தங்கள் விசா நிலையை ஏற்கும் கல்லூரிகளைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.