'வயா சப்போர்ட் உண்டு' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி கீபோர்டு வாங்காதீர்கள்

60% மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைன் விற்பனையாளர் ஒருவர் என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

60% என்றால் மொத்தமே 61 கீதான். அம்புக்குறி கிடையாது, எஃப் வரிசை கிடையாது. கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு ஐ, ஜே, கே, எல் தட்டினால் கர்சர் நகரும்படி அமைத்துக்கொண்டால்தான் வேலை ஓடும். "க்யூஎம்கே, வயா இரண்டும் உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால்தான் வாங்கினேன். க்யூஎம்கே என்பது கீபோர்டின் சிப்பில் பதிந்து அதை இயக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர். எந்தக் கீ என்ன செய்ய வேண்டும் என்று திரையிலேயே மாற்றிக்கொள்ள உதவுவது வயா.

குரோமில் வயாவைத் திறந்தால் கீபோர்டின் பெயர் வந்தது, லேஅவுட் வரவில்லை. கேட்டதும் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் லேஅவுட் விவரம் உள்ள ஒரு ஜேசான் ஃபைல் அனுப்பினார். அதை ஏற்றினால், திரையில் ஒரு கீயை மாற்ற, கையில் பக்கத்துக் கீ மாறியது. "ஃபர்ம்வேர் பழசு, இதைப் போடுங்க" என்று அடுத்து ஒரு பின் (.bin) ஃபைல். போர்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்த ரிவிஷன் எண்ணை, அதாவது போர்டின் பதிப்பு எண்ணைப் படமெடுத்து அனுப்பி, இதற்கு உரியதுதானா என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், தைரியமா போடுங்க" என்றார்.

எஸ்கேப்பை அழுத்தியபடி கேபிளைச் செருகி, க்யூஎம்கே டூல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஃபிளாஷ் செய்தேன், அதாவது அந்த ஃபைலைச் சிப்பில் ஏற்றினேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் கடைசி வரிசை மொத்தமும் செத்துவிட்டது. கண்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் பார் ஒன்றும் வேலை செய்யவில்லை. எந்த வரிசை சிப்பின் எந்தக் காலில் இணைந்திருக்கிறது என்பது ஃபர்ம்வேருக்குள் எழுதியிருக்கும். வேறு போர்டுக்கு உரியதை என் தலையில் கட்டியிருக்கிறார்.

சரி, பழைய ஃபர்ம்வேரையோ சோர்ஸ் கோடையோ கொடுங்கள் என்றேன். "அது கம்பெனி ரகசியம்" என்றார். என்ன ரகசியம்? க்யூஎம்கே ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைப் போட்டு விற்பவர், வாங்கியவர் கேட்டால் சோர்ஸ் கோடைக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனையோ பேர் சம்பளம் வாங்காமல் எழுதியதை எடுத்து விற்றுவிட்டு ரகசியம் என்பது அநியாயம். அப்புறம், "நீங்களே ஃபிளாஷ் பண்ணீங்க, வாரண்டி கிடையாது" என்று கைகழுவிவிட்டார்.

வாங்கும் முன் அந்த மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய சோர்ஸ் கோடு இருக்கும் கிட்ஹப் (கோடு பகிரும் தளம்) முகவரியைக் கேளுங்கள். "வாங்கினதும் தரேன்" என்றால் விட்டுவிடுங்கள். சிப் எது என்றும் கேளுங்கள். ஆர்பி2040 என்றால் பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேரை ஏற்ற உதவும் சிறு புரோகிராம், அழிக்க முடியாத ரீட் ஒன்லி மெமரியிலேயே (ROM) இருக்கிறது. தப்பான ஃபைலை ஏற்றினாலும் மறுபடி ஏற்றலாம். ஆனால் சரியான ஃபைல் கையில் இருக்க வேண்டும்.

என் போர்டில் ரீசெட் பட்டனை அழுத்தினால் பூட்லோடர் இன்னும் வருகிறது. சிப் பிழைத்திருக்கிறது. மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொரு வரிசையும் எந்தக் காலுக்குப் போகிறது என்று பார்த்துக் குறித்து வருகிறேன். முடிந்ததும் சோர்ஸ் கோடைப் பொதுவில் போடுகிறேன். இதே போர்டு வைத்திருப்பவர்கள் அதுவரை அந்த பின் ஃபைலைத் தொட வேண்டாம்.