10, 6, 2 மி.மீ.: காளையார்கோவில் போரை மேஜையில் ஆட எந்த அளவு சரி?

வரலாற்றுப் போர்களைச் சிறு உருவங்களை வைத்து ஆடும் பழக்கத்துக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது 28 மி.மீ. வீரர்களைத்தான். படத்தில் அழகாக இருப்பார்கள், மீசை தெரியும், சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்துகொண்டு நம் மண்ணில் நடந்த சண்டைகளை ஆட நினைப்பவருக்கு அது நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இன்னும் சின்ன அளவுக்குப் போக வேண்டும். எவ்வளவு சின்னது என்பதில்தான் போட்டி.

காளையார்கோவிலில் மருது சகோதரர்கள் எழுப்பிய ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 150 அடிக்கு மேல் உயரம். 28 மி.மீ. வீரர்களுக்குப் பொருத்தமாக அதைச் செய்தால் 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். மேஜையில் கோபுரம் மட்டும்தான் இருக்கும், சண்டைக்கு இடம் இருக்காது. 10 மி.மீ. அளவில் அதே கோபுரம் சுமார் 30 செ.மீ., 6 மி.மீ. அளவில் 15 செ.மீ., 2 மி.மீ. அளவில் ஏறத்தாழ 5 செ.மீ. இந்த மி.மீ. கணக்கு என்பது நிற்கும் வீரனின் உயரம், அவ்வளவுதான். 6 மி.மீ. என்றால் உண்மை அளவில் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்கு.

கோபுரத்தைவிட முக்கியம் அதைச் சுற்றி இருந்த காடு. 1801 ஜூலைக் கடைசியில் மருது சகோதரர்களை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து காளையார்கோவிலுக்கு முள்காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தார்கள். ஆகஸ்ட் முழுக்க வெட்டினார்கள். பக்கவாட்டில் இருந்து ஓயாமல் தாக்குதல், ஆட்கள் நோயில் விழுந்தார்கள், கடைசியில் அந்த வேலையையே கைவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் அக்டோபர் 1-ஆம் தேதி பல திசைகளில் இருந்தும் ஒரே நேரத்தில் வந்துதான் காளையார்கோவிலைப் பிடிக்க முடிந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். இந்தப் போரில் காடும் ஒரு படைதான். காட்டை முழுசாக மேஜையில் விரிக்க முடியாத அளவில் இதை ஆடிப் பிரயோஜனம் இல்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

10 மி.மீ. அளவில் வீரன் தனி ஆளாகத் தெரிவான். தலைப்பாகையின் மடிப்பு, தோளில் கிடக்கும் பை, கையில் பிடித்த துப்பாக்கி எல்லாம் தீட்டலாம். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் இருக்கும் பென்ட்ராகன் நிறுவனம் இந்த அளவில் பல காலகட்டங்களுக்கு உருவங்கள் வார்க்கிறது. தூரிகை பிடிப்பதே சந்தோஷம் என்பவருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் விவரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கை அதை விடாது. ஒவ்வொரு ஆளுக்கும் நேரம் போகும், பெரும்பாலானோர் பாதிப் படையோடு நின்றுவிடுவார்கள். மேஜையிலும் 6 மி.மீ.யைவிட இரண்டு பங்குக்குக் குறையாமல் இடம் கேட்கும்.

2 மி.மீ. நேர் எதிர். ஆள் ஆளாகக் கிடையாது, ஒரு முழு அணியே ஒரே கட்டியாக வார்த்து வரும். இர்ரெகுலர் மினியேச்சர்ஸ் என்ற நிறுவனத்தார் இதை வெகு காலமாகச் செய்துவருகிறார்கள். 1824-இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1:8000 வரைபடத்தின்மேல் சின்னக் கட்டைகளை நகர்த்தி ஆடிய ஆட்டத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். வண்ணம் தீட்ட ஒரு சாயங்காலம் போதும், படை மொத்தமும் ஒரு மிட்டாய் டப்பாவில் அடங்கும். தளபதியின் கண்ணோட்டம் வேண்டும், எந்த அணி எங்கே நிற்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மட்டும் நேராக வைத்துவிடாதீர்கள். அந்தப் பூவேலைக்குள் 2 மி.மீ. படை காணாமல் போய்விடும். ஒரே நிறத்தில் காவித் துணி விரித்து ஆடுங்கள்.

இதன் குறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களிடம்தான் தெரியும். எங்கள் வீட்டு ஆச்சியிடம் 6 மி.மீ. படையைக் காட்டியபோது, "இது யானை, இவுக குதிரைக்காரவுக" என்று தானே விரல் வைத்துச் சொல்லிவிட்டார். 2 மி.மீ. கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா, பாசிமணியா?" என்றார். புதிதாக ஒருவரை எதிரே உட்கார வைத்து ஆட்டம் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் இந்த வித்தியாசம் பெரிது. நம் ஊரில் எதிராளியை நாமேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

3 மி.மீ. என்பது 2-க்கும் 6-க்கும் நடுவில். டாங்குகள் ஓடும் நவீனப் போர்களுக்கு அருமையாக இருக்கும், 1801-க்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இனி 6 மி.மீ. ஷெஃபீல்டில் உள்ள பாக்கஸ் நிறுவனம் காலாட்களை நான்கு பேராக ஒரே பட்டையில் வார்க்கிறது, குதிரைவீரர்களை மூன்று பேராக. ஹீரோயிக்ஸ் அண்ட் ராஸ், அட்லர் ஆகியோரும் இந்த அளவில் பழைய கைகள். பட்டை என்பதுதான் இதில் பெரிய வசதி. நாலு பேரை ஒரே இழுப்பில் தீட்டிவிடலாம்.

ஒரு கம்பெனி சிப்பாய்ப் பட்டையை எப்படித் தீட்டுவது என்று சொல்கிறேன், வேலை எவ்வளவு என்று புரியும். ஐஸ் குச்சியில் ஒரு துளி ஃபெவிகால் வைத்துப் பட்டையை ஒட்டுங்கள். முதல் பூச்சாகக் கருப்பு பிரைமர். கோடையில் நடுப்பகலில் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், பெயின்ட் காற்றிலேயே உலர்ந்து பொடியாக விழும். காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். பிறகு சிவப்பு: நாலு மேல்சட்டைகளையும் ஒரே கோடாக, நிஜத்தைவிட இரண்டு மடங்கு பளிச்சென்று. சின்னப் பொருள் எப்போதும் இருண்டுதான் தெரியும், அதனால்தான் இந்தக் கூடுதல் வெளிச்சம். கம்பெனிச் சிப்பாய்கள் அப்போது அரைக்கால் சட்டையும் வெறுங்காலுமாக இருந்தவர்கள். சட்டைக்குக் கீழே ஒரு வெள்ளைத் தீற்றல், அதற்குக் கீழே இளம் பழுப்பு. முகத்துக்கும் அதே பழுப்பு. அடர்பழுப்பு வைத்தால் கருப்பு பிரைமரில் மறைந்துவிடும். மார்பில் குறுக்குவார் இரண்டு வெள்ளைக் கோடு, துப்பாக்கிக்கு ஒரு மரநிறக் கோடு. போதும். பொத்தானைத் தொடாதீர்கள். தூரிகையும் மிக மெல்லியதாக வேண்டாம், நுனி கூர்மையான 1-ஆம் எண் போதும். மெல்லிய தூரிகையில் நம் வெயிலுக்கு பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடும்.

பேஸுக்கு, அதாவது உருவங்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டுக்கு, மண் வாங்க வேண்டியதே இல்லை. நம் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகால் தடவிய பேஸில் தூவினால் சிறுவயல் தரை வந்துவிடும். 28 மி.மீ. ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்குவது நமக்கு வாசலில் கிடக்கிறது. காட்டுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து, பழுப்பு மை தோய்த்துக் காய வையுங்கள். அதைத் துண்டு துண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மேஜை முழுக்கப் பரப்புங்கள். கம்பெனிப் பக்கம் ஆடுபவர் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை எடுத்துவிட்டுப் பாதை நீட்டலாம். மருது பக்கம் ஆடுபவர் மீதி இருக்கும் எந்தத் துண்டின் ஓரத்தில் இருந்தும் வெளியே வரலாம். பாதை நீள நீளப் பக்கவாட்டும் நீளும், காவலுக்கு நிறுத்த ஆள் குறையும். அக்னியூவின் ஆட்கள் ஆகஸ்டில் ஏன் தோற்றுப்போனார்கள் என்று வரைபடத்தில் படித்துப் புரியாதது மேஜையில் அரை மணி நேரத்தில் புரியும். இது 10 மி.மீ.யில் இடம் போதாமல் திணறும், 2 மி.மீ.யில் பதுங்கி வருபவன் யார் என்றே தெரியாது. 6 மி.மீ.யில்தான் காடும் ஆளும் சேர்ந்து கண்ணுக்கு வருகின்றன.

பாளையக்காரர் படைக்கென்றே வார்த்த உருவம் கிடைக்குமா என்று தேடிக் காலம் கடத்த வேண்டாம். வெற்றுமேனியும் தலைப்பாகையும் நீண்ட ஈட்டியுமாக எந்தக் கிழக்குத்தேசப் படையில் கிடைத்தாலும் இந்த அளவில் அது பொருந்தும். எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியை யாரும் 6 மி.மீ.யில் வார்த்துத் தர முடியாது. அது ஆட்ட விதியில் இருக்கட்டும், கிட்டத்தில் இருந்து எறிபவர்களுக்குக் கூடுதல் பலம் என்று.

விதிகளைப் பொறுத்தவரை, முதல் ஆட்டத்துக்கு 1801-ஐ எடுக்காமல் பழங்காலத்தில் தொடங்குவது சுலபம். பழங்காலப் போர்களுக்காக பில் பார்க்கர் குழுவினர் 1990-இல் வெளியிட்ட டி.பி.ஏ. (De Bellis Antiquitatis) விதிகளில் ஒரு பக்கத்துக்கு 12 பிரிவுகள்தான், இரண்டடிச் சதுர மேஜை போதும், ஒரே ஒரு பகடை. நான்கு பிரிவுகளை இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்திருந்தால் தோல்வி. தமிழ்ப் படைக்கும் அதில் பட்டியல் உண்டு, யானையோடு. ஒவ்வொரு பிரிவும் 40 மி.மீ. அகலப் பேஸில் நிற்கும். 15 மி.மீ. ஆட்டக்காரர் அதில் நாலு ஈட்டிக்காரரை வைப்பார். 6 மி.மீ.யில் அதே இடத்தில் இரண்டு வரிசையாகப் பதினாறு பேர் நிற்பார்கள். விதி ஒன்றுதான், ஆனால் பார்த்தவுடன் படை என்று தோன்றுவது இரண்டாவதுதான். இரண்டு பக்கப் படையையும் நீங்களே தயார் செய்துவிடுங்கள். வருகிறவர் வெறுங்கையோடு வந்து உட்காரலாம்.

காசு விஷயம். உலோக உருவங்கள் வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும், தபால் செலவும் சுங்கமும் சேரும். எடை குறைவு என்பதால் 6 மி.மீ.யும் 2 மி.மீ.யும் இங்கே ஜெயிக்கின்றன. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் இன்னும் நல்லது. ரெசின் 3டி பிரிண்ட் இன்னொரு வழி. உருவத்தின் டிஜிட்டல் கோப்பு ஒன்றை வாங்கி, மதுரையிலோ கோவையிலோ அச்சடித்து வாங்கலாம். செலவு குறையும், ஆனால் ரெசின் ஈட்டி சட்டென்று ஒடியும், அதனால் ஈட்டி தடிமனாக இருக்கும் கோப்பாகப் பார்த்து எடுங்கள். வீட்டிலேயே அச்சடிப்பதாக இருந்தால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், சமையல்கட்டுப் பக்கம் வைக்கவே கூடாது.

எதையும் வாங்குவதற்கு முன் அட்டையில் ஆடிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நம் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகைக்கா பஞ்சம்? அந்தத் தடித்த அட்டையை 40 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, மேலே ஈட்டி, வில், குதிரை, யானை என்று எழுதிக்கொள்ளுங்கள். விதி பிடிக்கிறதா, இரண்டு மணி நேரம் இதில் உட்கார மனம் ஒப்புகிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். பின்னால் அதே அட்டைமேல் உருவங்களை ஒட்டிக்கொள்ளலாம். பேஸுக்கு அடியில் காந்தத் தாள் ஒட்டினால் பழைய தகரப்பெட்டியே பாசறை.

வெள்ளெழுத்து வந்து, மூக்குக் கண்ணாடி போட்டும் கிட்டத்துப் பொருள் சிரமம் என்றால் நான் 6 மி.மீ.யை வற்புறுத்த மாட்டேன், 2 மி.மீ.க்குப் போங்கள், அதில் தீட்ட விவரமே இல்லை என்பதால் கண்ணுக்கு வேலை குறைவு. ஒரே ஒரு படையை வருடக்கணக்கில் இழைத்து இழைத்துத் தீட்டுவதில்தான் இன்பம் என்பவர் 10 மி.மீ. எடுக்கட்டும். மற்ற எல்லோருக்கும் 6 மி.மீ.தான், முதலில் டி.பி.ஏ., அடுத்து சிறுவயல் காடு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு கவனம்: உலோக வார்ப்பில் ஈயம் கலந்திருக்கலாம், ஆடி முடித்தவுடன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.