டிசிஎஃப்டிஏ சாயம்: பச்சையை அப்படியே நம்பாதீர்கள்

செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிய நிலை) கூடியிருக்கிறதா என்று சட்டெனப் பார்க்க டிசிஎஃப்டிஏ நல்ல சாயம்; செல்லுக்குள் ஆக்சிஜனேற்றமானால் பச்சையாக ஒளிரும். ஆனால் இதை "ஹைட்ரஜன் பெராக்சைடு காட்டி" என்று நினைத்து வாங்காதீர்கள். பெராக்சைடு தனியாக இதை எளிதில் ஒளிரவைக்காது. இரும்போ பெராக்சிடேஸ் என்ற நொதியோ கூட இருக்க வேண்டும். சாகும் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சி என்ற புரதமும் இதே பச்சையைத்தான் தரும்.

செல்லில் சாயமேற்ற 10 மைக்ரோமோலார், 37 டிகிரி, 30 நிமிடம் பெரும்பாலும் போதும். சீரம் கலந்த ஊடகத்தில் மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள எஸ்டெரேஸ் நொதி, செல்லுக்குள் போய் வெட்டுப்பட வேண்டிய சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும், பின்னணி ஒளிர்வு ஏறும். படமெடுக்கப் பாய்ச்சும் 488 நானோமீட்டர் ஒளியே சாயத்தை ஆக்சிஜனேற்றும் என்பதால், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தால் சிக்னல் தானாக ஏறிக்கொண்டே போகும். சாயமில்லாத செல், செல் இல்லாத சாயக் கரைசல் இரண்டையும் கட்டாயம் வையுங்கள். ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ள செல்களுக்கு வேண்டவே வேண்டாம், இரண்டும் ஒரே பச்சை.