கொச்சித் துறையில் எந்தப் படகு?

கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கமிருந்து கொச்சிக்குச் செல்லும் குடும்பங்களுக்கு எர்ணாகுளம் கரையில் மூன்று வழிகள் உண்டு: மெரைன் டிரைவின் தனியார் சுற்றுலாப் படகு, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு, வாட்டர் மெட்ரோ என்னும் மின்படகுச் சேவை. எழுபதைக் கடந்த அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) உடன் வந்ததால் நாங்கள் வாட்டர் மெட்ரோவில் ஏறினோம். இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

கட்டணம் குறைவு என்பதில் அரசுப் படகுக்கு இணையில்லை. வாட்டர் மெட்ரோவில் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நாங்கள் கொடுத்தது தலைக்கு 40 ரூபாய். தனியார் படகில் பேரம் பேசத் தெரிய வேண்டும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஏறி இறங்கும் இடம்தான். கொடிவேரியில் பரிசல் ஏறிப் பழகிய நமக்கு, அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு உயரும் என்பது தெரியும்; ஆனால் கொச்சிக் காயலிலோ கடல் ஓதத்தால் (அலையேற்ற இறக்கத்தால்) நீர்மட்டம் தினமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், அசையாத கல்படியில் நின்று ஆடும் படகின் விளிம்பில் கால் வைக்க வேண்டிய முதியவருக்கு அரை அடிப் பள்ளமே அச்சம் தரும். காலையில் எளிதாக ஏறிய அதே படியில் மாலையில் இருவர் கைபிடித்து இறக்க வேண்டி வரலாம். வாட்டர் மெட்ரோ துறைகளில் மிதவை மேடை போட்டிருக்கிறார்கள். நீரோடு மேடையும் உயர்ந்து தாழ்வதால் அதுவும் படகின் தளமும் எந்நேரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியையும் உருட்டிக்கொண்டே உள்ளே போகலாம். அம்மிச்சி யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். 2023 ஏப்ரலில் தொடங்கிய இச்சேவைக்கான படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளமே கட்டியது. மின்கலத்தில் ஓடுவதால் டீசல் நெடியும் இல்லை.

இழப்பும் உண்டு. குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள் உப்புக்காற்று முகத்தில் படாது. படகு எங்கும் நின்று வேடிக்கை காட்டாமல் நேரே போய்விடும். கரையோரச் சீன மீன்வலைகளையும், துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தில் துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணால் உருவான வில்லிங்டன் தீவையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்பும் இளவட்டங்களுக்குத் தனியார் படகே பொருந்தும். அரசுப் படகில் காற்று தாராளம், அலுவலக நேரத்தில் நெரிசலும் தாராளம். நொய்யல் கரைக் கொடுமணலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே, கொடுங்ஙல்லூர் அருகே இருந்த சேரர் துறைமுகமான முசிறிக்குப் போன பழைய வணிகப் பாதையில் ஆர்வமுள்ளவர்கள், கொடுங்ஙல்லூர்ப் பக்கத்துப் படகுப் பயணத்துக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குவது நல்லது.

நாங்கள் சென்றது டிசம்பரில். ஆகவே தென்மேற்குப் பருவமழையின்போதும் மேடை இதே போல் ஆடாமல் இருக்குமா என்பதற்கு நான் சாட்சி சொல்ல இயலாது. விடுமுறை நாள் மாலைகளில் ஃபோர்ட் கொச்சியிலிருந்து திரும்பும் வரிசை நீண்டுவிடுவதால், முதியவர்களை அழைத்துச் செல்வோர் சூரிய மறைவுக்குக் காத்திராமல் முன்பே துறைக்கு வந்துவிட வேண்டும்.